தொட்டிலும் கடிகாரமும்: புதுத்தாயின் ஒரு நாள் கடந்து வந்த வரலாறு

முதற்பிள்ளையைப் பெற்று வீடு திரும்பும் தாய் ஒருத்தி, சில நாள்களுக்குள் கேட்கத் தொடங்கும் வினாக்கள் உண்டு. எத்தனை மணிக்கு ஒருமுறை பாலூட்டுவது? எப்போது உறங்க வைப்பது? குளியல், சமையல், தொழுகை, தன் உறக்கம் ஆகியவற்றை ஒரே நாளுக்குள் எவ்வாறு பொருத்துவது? இவ்வினாக்களுக்குள் ஓர் அச்சமும் ஒளிந்திருக்கிறது. சரியான அட்டவணை ஒன்று எங்கோ இருக்கிறது, மற்றத் தாய்மார் அனைவரும் அதை அறிவர், தான் மட்டுமே அறியவில்லை என்னும் அச்சம் அது.

அந்த அட்டவணைக்கும் ஒரு வரலாறு உண்டு. கைக்குழந்தையின் நாளை மணிக்கணக்கில் கூறுபோடும் வழக்கம் பரவலாகி ஏறத்தாழ 130 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கு முந்தைய தாய்மாரும் ஒழுங்கின்றி வாழ்ந்தவர் அல்லர். அவர்களுடைய ஒழுங்கு வேறோர் அச்சில் சுழன்றது. அது எந்த அச்சு என்பதை அறிந்துகொள்வது, இன்று தொட்டிலருகே விழித்திருக்கும் தாய்க்கு ஆறுதலும் தெளிவும் தரக்கூடும்.

மதீனாவில் ஓர் இரவு

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம் 634 முதல் 644 வரை நீடித்தது. மக்களுக்கு அரசுக் கருவூலத்திலிருந்து உதவித்தொகை வழங்கும் பதிவேட்டை முறைப்படுத்தியவர் அவர்களே. தொடக்கத்தில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே தொகை உண்டு என்பது விதியாக இருந்தது.

வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் உள்ளிட்டோர் பதிவு செய்துள்ள அறிவிப்பு ஒன்று இவ்வாறு செல்கிறது. வணிகக் கூட்டமொன்று மதீனாவின் புறத்தே தங்கியிருந்த இரவில், உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவலுக்குச் சென்றனர். குழந்தையொன்று விடாது அழுவதைக் கேட்ட கலீஃபா, அதன் தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்குமாறு கூறினார்கள். அழுகை நிற்கவில்லை. மீண்டும் மீண்டும் சென்று கேட்டபோது, தம்மிடம் பேசுபவர் இன்னார் என்றறியாத அப்பெண், தான் குழந்தைக்குக் காலத்துக்கு முன்பே பாலை மறக்கடிக்க முயல்வதாகச் சொன்னாள். பால்குடி மறந்த பிள்ளைக்கே உமர் தொகை தருகிறார் என்பது அவள் கூறிய காரணம். அன்று ஃபஜ்ர் தொழுகையில், அழுகையின் மிகுதியால் கலீஃபாவின் ஓதல் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்கிறது அவ்வறிவிப்பு. குழந்தைகளை அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்யாதீர்கள் என்றும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இனித் தொகை உண்டு என்றும் அறிவிக்கப்பட்டது.

இந்நிகழ்வு கலீஃபாவின் இரக்கத்துக்குச் சான்றாகப் பலமுறை எடுத்துரைக்கப்படுகிறது. அதில் வேறொரு பாடமும் உள்ளது. ஒரு தாயின் நாளையும் குழந்தையின் பசியையும், அவ்வீட்டுக்கு வெளியே யாரோ இயற்றிய விதி குலைத்துவிடக்கூடும். அப்போது கலீஃபா திருத்தியது விதியைத்தான். தாயைப் பழித்தோ, பொறுத்துக்கொள் என்று அறிவுரை கூறியோ அவர்கள் நகர்ந்துவிடவில்லை.

சட்டம் தாய்க்கு ஒதுக்கிய காலம்

பாலூட்டும் காலத்தைப் பற்றித் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 233ஆம் வசனம் விரிவாகப் பேசுகிறது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு ஈராண்டு என்னும் எல்லையை அது குறிப்பிடுகிறது. அத்தாயின் உணவும் உடையும் தந்தையின் கடமை என்கிறது. அதற்கு முன்னரே பால் மறக்கச் செய்வதாயின் இருவரும் கலந்தாலோசித்து, மனமொப்பிச் செய்ய வேண்டும் எனக் கூறுகிறது. குழந்தையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என்பதும் அவ்வசனத்தின் கருத்தே. ஆக, பாலூட்டும் தாயின் நாள் என்பது அவள் ஒருத்தியின் பொறுப்பாக அங்கு வைக்கப்படவில்லை. அதில் தந்தைக்குச் செலவும் உண்டு, ஆலோசனையில் பங்கும் உண்டு.

வணக்க வழிபாடுகளும் அவளுக்கேற்ப வளைந்து கொடுத்தன. நிஃபாஸ் எனப்படும் பேறுகால உதிரப்போக்கின் நாள்களில் தொழுகை கடமையில்லை. விடுபட்ட தொழுகைகளைப் பின்னர் நிறைவேற்ற வேண்டியதுமில்லை. ஹனஃபி சட்டத்தில் அதன் உச்ச எல்லை 40 நாள்கள். ஷாஃபிஈ சட்டத்தில் 60 நாள்கள். தமிழகத்தில் இவ்விரு மத்ஹபுகளைப் பின்பற்றும் குடும்பங்களும் உண்டு. இரு சாராரின் வீடுகளிலும் "நாற்பது" என்னும் சொல்லுக்குத் தனிப் பொருள் உண்டென்பதை நம் பாட்டிமார் அறிவர். பாலூட்டுவோருக்கு ரமளான் நோன்பைப் பிற்படுத்தும் சலுகையும் உண்டு. இமாமாக நின்று தொழுவித்துக்கொண்டிருக்கையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், அதன் தாய் படும் வேதனையை எண்ணி நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கியதாகப் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் ஹதீஸ் உள்ளது. பள்ளிவாசலின் நேரமே ஒரு குழந்தையின் அழுகைக்கு இடங்கொடுத்தது.

மருத்துவர்களின் "தத்பீர்"

10ஆம் நூற்றாண்டில் கைரவானைச் சேர்ந்த மருத்துவர் இப்னுல் ஜஸ்ஸார், குழந்தைகளின் பராமரிப்புக்கென்றே தனிநூல் ஒன்றை எழுதினார். அதே நூற்றாண்டில் குர்துபாவின் அரீப் இப்னு ஸஅதும் கருவுற்ற பெண்கள், பிறந்த குழந்தைகள் ஆகியோரைப் பற்றி நூல் இயற்றினார். இப்னுல் ஜஸ்ஸாரின் நூல் தலைப்பிலேயே "தத்பீர்" என்னும் அரபுச் சொல் இடம்பெறுகிறது. ஒன்றை முன்பின் எண்ணி, தக்கவாறு வகுத்து நடத்துதல் என்பது அதன் பொருள்.

இப்னு சீனா (980–1037) தம் அல்கானூன் நூலின் முதற்பகுதியில் குழந்தை வளர்ப்புக்கு இடம் ஒதுக்கியுள்ளார். பாலூட்டுபவளின் உணவு, அவள் செய்ய வேண்டிய மிதமான உடலசைவு, குழந்தையின் குளியல், உறங்குமிடம் ஆகியன அங்கு ஒன்றாகவே பேசப்படுகின்றன. மென்மையாக அசைத்தலும் உறங்க வைக்கும் பாட்டும் குழந்தைக்கு நலம் தருவன என்கிறார். நம் வீடுகளின் தாலாட்டுக்கு மருத்துவ நூலொன்று அளித்த ஒப்புதல் என இதனைக் கொள்ளலாம்.

அக்கால மருத்துவர் கூறியன அனைத்தும் இன்றைய அறிவுக்குப் பொருந்தும் என்று வாதிடுவதற்கில்லை. தொடக்க நாள்களில் நாளுக்கு இரண்டு மூன்று முறை பாலூட்டினால் போதும் என்பது இப்னு சீனாவின் கருத்து. இன்றைய மருத்துவம் அதனை ஏற்காது. அழுகை குழந்தையின் உடலுக்குப் பயிற்சியாகிறது என்று டமாஸ்கஸின் அறிஞர் இப்னுல் கய்யிம் 14ஆம் நூற்றாண்டில் எழுதினார். எனினும் அவர்களது நோக்கின் அகலம் போற்றத்தக்கது. ஊட்டுபவளின் உணவையும் ஓய்வையும் விட்டுவிட்டுக் குழந்தையின் ஒழுங்கை மட்டும் அவர்கள் எழுதவில்லை.

கடிகாரம் நுழைந்த கதை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில், நியூயார்க் போன்ற பெருநகரங்களில் கோடைதோறும் கைக்குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தனர். கெட்டுப்போன பசும்பாலும் தூய்மையற்ற புட்டிகளும் முதன்மைக் காரணங்களாக இருந்தன. குழந்தை மருத்துவர் லூதர் எம்மெட் ஹோல்ட், செவிலித்தாயரைப் பயிற்றுவிப்பதற்கென 1894இல் வினா விடை வடிவில் சிறுநூலொன்றை வெளியிட்டார். பாலின் அளவு, கலவை, இடைவேளை ஆகியன அதில் துல்லியமாக வரையறுக்கப்பட்டன. பசும்பால் செரிக்கக் காலம் பிடிக்கும் என்பதால் இடைவெளிக்கு ஒரு நியாயம் இருந்தது. காலப்போக்கில், புட்டிப்பாலைச் சுற்றி வளர்ந்த அந்தக் கணக்கு தாய்ப்பாலுக்கும் விதியாயிற்று.

இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தவர் நியூசிலாந்தின் ட்ரூபி கிங் (1858–1938). டனீடின் நகருக்கு அருகிலிருந்த சீக்ளிஃப் மனநலக் காப்பகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், காப்பகப் பண்ணையின் கன்றுகளுக்கு முறையாக உணவளித்துக் கண்ட பயனைக் கைக்குழந்தைகளிடமும் காண விழைந்தார். 1907இல் அவர் தொடங்கிய சங்கம், ஆளுநரின் துணைவியார் பெயரால் பிளங்கெட் சங்கம் என வழங்கியது. காலை 6, முற்பகல் 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10 என நான்கு மணிக்கு ஒருமுறை பால். இரவு 10 முதல் காலை 6 வரை எதுவும் இல்லை. இதுவே அவர் வகுத்த நாள். 1917இல் லண்டனுக்கும் அழைக்கப்பட்டார். அவருடைய முறை பிரிட்டனிலும் பரவியது.

அமெரிக்க உளவியலர் ஜான் வாட்சன் 1928இல் மேலும் ஒரு படி சென்றார். குழந்தையைக் கட்டியணைப்பதும் முத்தமிடுவதும் அதனைக் கெடுத்துவிடும் என அவர் தாய்மாரை எச்சரித்தார்.

ட்ரூபி கிங் தீய நோக்குடையவர் அல்லர். தூய்மை, தூய காற்று, வீடுதோறும் செல்லும் தாதியர் ஆகியவற்றை அவர் சங்கம் வலியுறுத்தியது; தாய்ப்பாலே சிறந்தது என்றும் அவர் ஓயாது கூறினார். ஆயினும் அவர் போற்றிய தாய்ப்பாலுக்கு அவருடைய கடிகாரமே பகையாயிற்று. குழந்தை எவ்வளவு அடிக்கடி குடிக்கிறதோ அதற்கேற்பவே பால் சுரக்கும். சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் இரவில் மிகுந்திருக்கும். பிறந்த குழந்தை பொதுவாக நாளுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதனை ஐந்து வேளையாகக் குறைத்து, இரவை மூடிவிட்டால் சுரப்பு தளர்வது இயல்பு. பால் வற்றிய தாய், விதியில் பிழை இருக்கக்கூடும் என்று எண்ணவில்லை. தன் உடலே தோற்றதாக எண்ணிப் புட்டியை நாடினாள். அடுத்த அறையில் குழந்தை அழ, கடிகாரத்தைப் பார்த்தபடி தானும் அழுதிருந்த தாய்மாரின் தலைமுறை அது.

திரும்பி வந்த வழி

1946இல் பெஞ்சமின் ஸ்பாக் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், தாய் தன் அறிவை நம்பலாம் என்று கூறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. 1989இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் இணைந்து, தாய்ப்பாலூட்டலுக்கான பத்துப் படிநிலைகளை வெளியிட்டன. குழந்தை கேட்கும்போதெல்லாம் பாலூட்டுவதை ஊக்குவித்தல் அவற்றுள் ஒன்று. நம் பாட்டிமார் எந்தப் படிநிலையும் அறியாமலேயே செய்துவந்த செயல், பல பத்தாண்டு அலைச்சலுக்குப் பின் மருத்துவ நெறியாக மீண்டது.

இன்றைய தாய்க்கு

கடிகாரம் முற்றிலும் வேண்டாததென்று இவ்வரலாறு கூறவில்லை. குறைமாதக் குழந்தை, எடை கூடாத குழந்தை, மஞ்சள் காமாலை கண்ட குழந்தை ஆகியோரை மணிக்கணக்குப் பார்த்து எழுப்பிப் பாலூட்டுமாறு மருத்துவர் சொன்னால், அதனைத் தவறாது பின்பற்ற வேண்டும். உடல்நலமுள்ள குழந்தையின் நாளுக்குச் சற்றே நெகிழ்வான ஒழுங்கு போதும்.

அத்தகைய ஒழுங்கு நமக்குப் புதிதன்று. ஐவேளைத் தொழுகையின் வக்துகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வக்துக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. இடையில் அகலமும் உண்டு. லுஹர் என்பது ஒரு நிமிடத்தின் பெயரன்று. குழந்தையின் நாளையும் அவ்வாறே அகலமான வேளைகளாக வகுக்கலாம்: வெளிச்சமும் குளியலும் உள்ள காலை, சேர்ந்து படுக்கும் நண்பகல், விளக்கைத் தணித்துத் தாலாட்டும் முன்னிரவு. இவற்றுள் பாலும் உறக்கமும் குழந்தையின் குறிப்பறிந்து அமையட்டும். முதல் நாற்பது நாள்களில் இந்த வரிசையும் கூடி வராவிடில், அது தாயின் குறையாகாது.

அட்டவணை எழுதியே ஆக வேண்டுமென்றால், அதனை வீட்டின் மற்றவர்களுக்காக எழுதலாம். இரவில் குழந்தையின் துணியை மாற்றுபவர் யார்? ஃபஜ்ருக்குப் பின் குழந்தையைத் தோளில் சுமந்து, தாயை ஒரு மணி நேரம் உறங்கவிடுபவர் யார்? சமைப்பவர் யார்? விருந்தினரை எத்தனை மணிக்குள் அனுப்பிவைப்பது? தந்தையின் பெயர் அப்பட்டியலில் முதலில் இருக்கட்டும். அவருடைய கடமையை அல்பகரா அத்தியாயம் முன்னரே எழுதி வைத்துவிட்டது.

மதீனாவின் அந்த இரவில் அழுதது ஒரு குழந்தை. மாறியது ஓர் அரசின் விதி. நம் வீடுகளில் குழந்தை அழும் இரவுகளில், எந்த வழக்கத்தை மாற்றினால் அத்தாய் சற்று உறங்குவாள் என்று வீட்டார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நலம். அல்லாஹ் தாய்மாருக்கும் சேய்களுக்கும் நலம் அருள்வானாக.