எதிர்பாராதது என்று ஒரு சொல்

2011 மார்ச் 11-க்குப் பிறகு ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் திரும்பத் திரும்பச் சொன்னது, அந்தச் சுனாமி எதிர்பார்ப்புக்கு அப்பாற்பட்டது என்று. விளக்கம் மாதிரித் தெரியும் இந்தச் சொல் உண்மையில் ஒரு விடுதலைப் பத்திரம். யார் எதிர்பார்க்கவில்லை? எந்தப் பிரதியைப் படிக்காமல் விட்டதால் எதிர்பார்க்கவில்லை? இலக்கியம் படித்தவன் என்ற முறையில் எனக்கு இதுதான் கேள்வி.

901-இல் தொகுத்து முடிக்கப்பட்ட ஜப்பானிய அரசவை வரலாறு ஒன்று, 869-இல் வடகிழக்குக் கரையில் நிலம் நடுங்கியதையும், கடல் கோட்டை நகர்வரை ஏறியதையும், ஆயிரம் பேர் மூழ்கியதையும் பதிந்திருக்கிறது. பின்னாளில் சென்டாய் சமவெளியின் வயல்களுக்கடியில் அந்த அலை விட்டுப்போன மணல் படிவை நிலவியலாளர்கள் கண்டெடுத்தார்கள். பிரதி சொன்னதையே மண்ணும் சொன்னது.

ஆனால் 1960களில் ஃபுகுஷிமாவைத் திட்டமிட்டவர்களுக்கு வரலாறு என்பது 1960 சிலி சுனாமி ஓனஹாமா துறைமுகத்தில் எட்டிய 3.1 மீட்டர். அவ்வளவுதான். சுமார் 35 மீட்டர் உயரமிருந்த கரைமேட்டை 10 மீட்டராக வெட்டி இறக்கினார்கள். கடல்நீரை மேலேற்றும் செலவு மிச்சம். 2008-இல் நிறுவனத்தின் சொந்தக் கணக்கே 15.7 மீட்டர் அலை வரலாம் என்றது. 2009-இல் அரசுக் குழுவொன்றில் நிலவியலாளர் ஒகாமுரா 869-ஐ நினைவூட்டினார். தடுப்புச் சுவர் எழவில்லை. அலை வந்தது; அடித்தளத்தில் இருந்த டீசல் ஜெனரேட்டர்கள் மூழ்கின; குளிர்விக்க மின்சாரமின்றி மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. 2012-இல் ஜப்பான் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே இதை மனிதர் உண்டாக்கிய பேரழிவு என்றது.

அதே கரையில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருப்பது ஒனகாவா நிலையம். தொஹோகு மின் நிறுவனத்தின் ஹிராய் யானோசுகே 869-ஐ முன்வைத்து மல்லுக்கு நின்றதால் அது 14.8 மீட்டர் உயரத்தில் கட்டப்பட்டது. 13 மீட்டர் அலையிலும் தப்பியது. இதை வைத்துக்கொண்டு அணுமின்சாரம் பத்திரமானது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு மனிதரின் பிடிவாதத்தில் தொங்குவது என்ன பாதுகாப்பு?

நம்மிடமும் 'கடல்கோள்' என்ற சொல் உண்டு. இறையனார் களவியல் உரையிலிருந்து அதை எடுத்து இழந்த பொற்காலத்துக்குப் பெருமைப்பட்டோமே தவிர, கரையைப் பற்றிய எச்சரிக்கையாக வாசித்ததில்லை. 2004 டிசம்பர் 26-இல் கல்பாக்கத்தின் நீரேற்று நிலையத்துக்குள் கடல் புகுந்து, உலையை நிறுத்த வேண்டிவந்தது.

இனி பழைய பிரதிகளும் போதாது. 1999 டிசம்பரில் பிரான்சின் ப்ளாயே நிலையத்தில் புயல் தள்ளிய நீர் கரையணையைத் தாண்டி உள்ளே வந்தது. சூடேறும் பூமியில் கடல்மட்டம் உயர உயர, இத்தகைய வெள்ளம் இன்னும் உயரத்திலிருந்து கிளம்பும். நேற்றைய பேரலை நாளைய உச்சவரம்பு அல்ல. பாதுகாப்பு அறிக்கை கைக்கு வரும்போது நாம் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் கணக்கு எந்த ஆண்டில் தொடங்குகிறது, எந்த ஆண்டோடு முடிகிறது, அதை முடிவுசெய்தது யார்?