ஸ்பாக்கா, கிர்க்கா?

1966இல் 'ஸ்டார் டிரெக்' தொடருக்காக என்.பி.சி. தொலைக்காட்சி அச்சிட்ட விளம்பரக் கையேட்டில், ஸ்பாக்கின் கூர்காதுகளையும் மேலேறிய புருவங்களையும் மழுப்பிவிட்டார்கள். சாத்தான் ஜாடை தெரிகிறதாம்! கடைசியில் அந்தக் காதுக்காரருக்குத்தான் ரசிகர் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. கதாநாயகன் என்னவோ கேப்டன் கிர்க். ஆனால் மூன்று முறை எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர் ஸ்பாக்காக நடித்த லியனார்டு நிமாய். கிர்க்காக வந்த வில்லியம் ஷாட்னருக்கு அந்தத் தொடரில் ஒருமுறைகூட அது வாய்க்கவில்லை.

தலைவலி தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கு. 1967இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவிடம் யோசனை கேட்டார். இருவரையும் சேர்ந்தே ஆபத்தைச் சந்திக்க வையுங்கள், ஒருவரை நினைத்தால் மற்றவர் நினைவுக்கு வரட்டும் என்றார் அசிமோவ். அருமையான யோசனை. ஆனால் ரசிகர்கள் அடங்குவார்களா? அதே ஆண்டு நியூயார்க்கில் கிளம்பிய ரசிகர் இதழுக்குப் பெயரே 'ஸ்பாக்கனாலியா'. பழைய அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் மாதிரி சைக்ளோஸ்டைல் எடுத்த பக்கங்களில் முழுக்க ஸ்பாக்கின் இனமான வல்கன் பற்றிய ஆராய்ச்சி. முதல் இதழிலேயே நிமாயின் கடிதம் வேறு. கிர்க் கட்சி எப்படிப் பொறுத்துக்கொண்டதோ!

1987இல் புதிய தொடரோடு கேப்டன் பிக்கார்டு வந்ததும் சண்டை கிர்க்கா, பிக்கார்டா என்று திரும்பியது. பதிலைக் கேட்டாலே ஆளின் வயதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

என் ஓட்டு இவர்கள் யாருக்கும் இல்லை, பழைய தொடரின் கப்பல் மருத்துவர் டாக்டர் மெக்காய்க்குத்தான். ஸ்பாக்கை விடாமல் சீண்ட அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால், பாதி வசனம் வெறும் கணக்குப் பாடம்.