ஆளாக்கி விடுறது என்றால் என்ன?

"பையனை எப்படியாவது ஆளாக்கி விடணும்." திகன, ராஜவெல, குண்டசாலைப் பக்கம் எந்த வீட்டிலும் இந்தப் பேச்சு காதில் விழும். கோயிலுக்குப் போற வீடு, பள்ளிவாசலுக்குப் போற வீடு, சர்ச்சுக்குப் போற வீடு என்ற வித்தியாசமே இல்லை. ஆளாகிறதுன்னா என்னன்னு கேட்டால் ஒரு தொழில், ஒரு வருமானம், முடிஞ்சால் சொந்தமாக ஒரு வீடு என்பார்கள். கண்டியில் கிறிஸ்தவ இளைஞர்களை ஆளாக்க நடந்த முயற்சிகளுக்கு 150 வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கு. அதைத் திரும்பிப் பார்த்தால் வேறொரு கேள்வி வருது: ஆளானவன் யாருக்குப் பொறுப்பு?

1850களில் கண்டியைச் சுற்றி எல்லாம் கோப்பித் தோட்டம். தமிழகத்தில் இருந்து வந்த தொழிலாளர் மத்தியில் வேலை செய்ய, இங்கிலாந்துத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கம் ஒரு மிஷனைத் தொடங்கியது. அதன் பெயரே 'தமிழ்க் கூலி மிஷன்'. திருநெல்வேலியில் இருந்து உபதேசியார்கள் வந்தார்கள். தோட்டம் தோட்டமாக நடந்துபோய் வேதம் சொன்னார்கள், எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். நாலு எழுத்து தெரிந்த முதல் தலைமுறை பல தோட்டங்களில் அப்படித்தான் உருவானது. ஆனால் மிஷனுக்குப் பணம் கொடுத்தவர்களில் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். நேரத்துக்குப் பெரட்டுக்கு வந்து, குடிக்காமல், எதிர்த்துப் பேசாமல் வேலை செய்யும் இளைஞன்தான் அவர்களுக்கு நல்ல கிறிஸ்தவன்.

அதே சி.எம்.எஸ். கண்டி நகரத்தில் நடத்திய டிரினிட்டி கல்லூரியில் கதை வேறு. 1904இல் அதிபராக வந்த ஏ.ஜி. பிரேசர் 1924 வரை இருந்தார். உடல்பலமும் பக்தியும் சேர்ந்தவனே முழு ஆண்மகன் என்ற எண்ணம் அந்தக் காலத்து ஆங்கிலேயப் பள்ளிகளில் ஊறியிருந்தது. விடுதி, விளையாட்டு, மாணவர் தலைவர் என்ற அந்த அச்சு டிரினிட்டியிலும் இருந்தது. பிரேசர் அதோடு நிற்கவில்லை. ஆங்கிலம் மட்டுமே மதிப்பு என்றிருந்த காலத்தில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்தார். சமூக சேவைச் சங்கத்தின் மூலம் மாணவர்களை நகரத்தின் ஏழைக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார். தன் ஊரைத் தெரியாதவன் தலைவனாக முடியாது என்பதே இதன் அடிப்படை.

இந்தப் பயிற்சிக்கு ஒரு எல்லையும் இருந்தது. அந்தப் பொறுப்பில் பேரரசுக்குச் செய்ய வேண்டிய கடமையும் சேர்ந்தே இருந்தது. டிரினிட்டி மாணவரான ரிச்சர்ட் அலுவிஹாரே முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையில் சண்டையிட்டுக் காயமடைந்தார். 1947இல் இலங்கையரான முதல் பொலிஸ் மா அதிபரும் ஆனார். பெரிய வாழ்க்கைதான். ஆனால் ஒரே மலை, ஒரே மிஷன். நகரத்துப் பையன் கட்டளையிடப் பழகினான், தோட்டத்துப் பையன் கட்டளைக்குக் கீழ்ப்படியப் பழகினான். இரண்டு பேரும் ஒரே வாங்கில் உட்காரவில்லை.

இன்றும் டிரினிட்டி சிற்றாலயத்துச் சுவரில், பழைய மாணவரான டேவிட் பெயின்டர் வரைந்த ஓவியங்கள் இருக்கின்றன. ஒன்றில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். இன்னொன்றில் நல்ல சமாரியன், அடிபட்டுக் கிடக்கும் அந்நியனுக்கு உதவுகிறான். தலைவர்களை உருவாக்கிய பள்ளியின் சுவரில் வேலைக்காரனுடைய வேலையைச் செய்யும் தலைவன்! பள்ளி சொல்லாததையும் அந்தச் சுவர் சொல்லுது என்று எங்களுக்குப் படுது.

அந்தப் பாடத்தைச் சுவரில் இருந்து தெருவுக்குக் கொண்டுவர முயன்றவர்களில் ஒருவர் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ். 1948இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவர் ஆக்கியிருந்தது. 1972இல் அவர் கண்டியில் 'சத்யோதய' நிலையத்தைத் தொடங்கி, சிங்களவரையும் தமிழரையும், பல மதத்தவரையும் ஒன்றாக வைத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும் வேலை செய்தார். இங்கே ஒரு கிறிஸ்தவ இளைஞன் பழக வேண்டியிருந்தது கட்டளையிடவும் இல்லை, கீழ்ப்படியவும் இல்லை. தன்னைப் போல் இல்லாதவனோடு சேர்ந்து வேலை செய்யத்தான்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ள முடியாது. 1915 மே மாதக் கடைசியில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் கண்டி நகரத்தில்தான் தொடங்கியது. 103 வருஷம் கழித்து, 2018 மார்ச்சில், தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதி இறந்ததை அடுத்து, எங்கள் திகனயில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞர் இறந்துபோனார். மார்ச் 6இல் அவசரகால நிலை வந்தது. சாரதியைத் தாக்கியவர்களும் ஆண்கள், தீ வைத்த கும்பலும் ஆண்கள். அவர்களையும் யாரோ ஒரு வீட்டில் 'ஆளாக்கி'த்தான் விட்டிருந்தார்கள்.

அந்தச் சண்டையில் கிறிஸ்தவர் ஒரு தரப்பு இல்லை. அதனாலேயே "நமக்கு ஏன் வம்பு" என்று கதவைச் சாத்துவது சுலபம். சர்ச் வாலிபர் கூட்டங்களில் சிகரெட், குடி, காதல், வெளிநாட்டு வேலை பற்றியெல்லாம் அறிவுரை கிடைக்குது. அதுவும் தேவைதான். ஆனால் பக்கத்துக் கடை எரியும்போது என்ன செய்யணும் என்பதை யார் சொல்லித் தருவது? அதைத் தீப்பிடித்த பிறகு பழக முடியாது. அதே கடையில் தேத்தண்ணி குடித்து, கடைக்காரர் பெயரையும் அவருடைய பிள்ளைகளின் பெயரையும் தெரிந்து வைத்திருக்கிறவன்தான் அன்றைக்குக் கதவைத் திறப்பான். அண்ணன்மார், போதகர்கள், வாலிபர் தலைவர்கள் தம்பிமாரை முதலில் கூட்டிப்போக வேண்டிய இடம் அந்தக் கடைதான்.