ஓய்வு யாருக்கு, எழுத்து யாருக்கு?

'எழுதணும்னு ஆசைதான் தோழர், நேரம் எங்க இருக்கு?' திருச்சி கே.கே. நகர்ப் பக்கம் நம் பிள்ளைகளிடம் பேசினால் இதுதான் பதில். ஒருவர் ராத்திரி ஷிப்டு பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். ஒருவர் கல்லூரிக்குப் போய்க்கொண்டே சாயங்காலம் ஜவுளிக்கடையில் நிற்கிறவர். இன்னொருத்தியின் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். தம்பிக்குச் சோறு போட்டு, தண்ணி பிடித்து வைத்த பிறகுதான் அவளுக்குப் புத்தகம். இவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் இந்தப் பதிலுக்குள் ஒரு பழைய நம்பிக்கையும் ஒளிந்திருக்கிறது. வேலையெல்லாம் முடிந்து, மனசு அமைதியாகி, ஓய்வு வாய்த்தவர்களுக்கு வருவதுதான் கலை என்கிற நம்பிக்கை. இது யாருடைய நம்பிக்கை? அந்த ஓய்வு யார் முதுகின் மேல் கிடைத்தது?

காவிரிக்கு அந்தப்பக்கம் ஸ்ரீரங்கம். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அங்கே அரையர் சேவை நடக்கிறது. பாசுரத்தைப் பாடி, அபிநயம் பிடித்து, பொருள் சொல்கிற கலை. அதைத் தாங்கிப் பிடிக்கப் பரம்பரை உரிமை, கோயில் மரியாதை என்று ஓர் ஏற்பாடு இருந்தது. கோயிலுக்கு நிலம் இருந்தது. நிலத்தில் இறங்கி நாற்று நட நாம் இருந்தோம். வயலில் நம் பெண்கள் பாடியதும் கலைதான். குனிந்த முதுகு நிமிராமல், கை நாற்றை விடாமல் பாடிய பாட்டு அது. பாடியவள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. பறையடித்தவனிடம் அதைக் கலை என்று யாரும் சொல்லவில்லை. சாவு விழுந்தால் வந்தே ஆகவேண்டிய ஊழியம் என்று சொன்னார்கள்.

திருப்பாணாழ்வார் கதை நமக்குத் தெரியும். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட உறையூர்ப் பாணர், ஸ்ரீரங்கத்துக்குள் நுழையாமல் காவிரியின் தென்கரையில் நின்று பாடினார். வழியில் நின்றார் என்று லோகசாரங்க முனிவர் கல்லெறிந்தார். பிறகு அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார், பாணர் பெருமாளோடு கலந்துவிட்டார் என்கிறது குருபரம்பரைக் கதை. உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. மிஞ்சியது பத்துப் பாசுரம்.

மானியமும் மரியாதையும் இல்லாமல், செய்கிற தொழிலுக்குள்ளேயே எழுத்துக்கு இடம் பிடித்தவர்களின் வரலாறு வேறு. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த வைத்தியர். வைத்தியம் பார்த்துக்கொண்டேதான் 1907 ஜூனில் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆனது. 1914இல் இறக்கும்வரை அதை நடத்தினார். அவருடைய பௌத்த வரலாற்று எழுத்துகள் அந்த இதழில் தொடர் தொடராக வந்தவை. ஓய்வாக உட்கார்ந்து எழுதிய நூல்கள் அல்ல, வாரா வாரம் பக்கம் நிரப்பியாக வேண்டிய நெருக்கடியில் விளைந்தவை.

இதைவிடக் கூர்மையான உதாரணம் கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. கே.கே. நகருக்குப் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம். அங்கே வாழ்கிற ஈழத்து மக்களைப் பார்க்கும்போது நமக்குப் போர்தான் நினைவுக்கு வருகிறது. போருக்கு முன்பே அங்கே சாதி இருந்தது. வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் ஆகிய ஐந்து சாதியாரைப் 'பஞ்சமர்' என்று ஒதுக்கிய யாழ்ப்பாணம் அது. தேநீர்க்கடையில் சமமாக உட்கார முடியாது. கோயிலுக்குள் போக முடியாது. கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது.

அந்த யாழ்ப்பாணத்தில் 1927இல் சவரத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் டொமினிக். பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. நம் ஊர்க் கம்யூனிஸ்டுத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் மேல் கொண்ட பற்றால் 'டொமினிக் ஜீவா' ஆனார். கஸ்தூரியார் வீதியில் ஜோசப் சலூன். முடிவெட்டுவது பொழப்பு, எழுத்தும் அந்தக் கடையில்தான் வளர்ந்தது.

சலூன் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கை ஓயாது, காது மட்டும் திறந்திருக்கும். நாற்காலியில் இருப்பவர் பேசுவார். காத்திருப்பவர் பேப்பரைப் படித்துவிட்டு அரசியல் பேசுவார். வழக்கு, கல்யாணம், ஊர்வம்பு, சாதித் திமிர் எல்லாம் அந்தச் சின்ன அறையில் வந்து விழும். பள்ளிக்கூடம் கைவிட்டவருக்கு ஊரே பாடம் நடத்துகிறது. சலூன்தான் தன் சர்வகலாசாலை என்று ஜீவா சொல்லிவந்ததில் மிகை எதுவும் இல்லை. 1960இல் வந்த அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' சிறுகதைத் தொகுதிக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

1966 ஆகஸ்டில் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கினார். இதழின் முகவரியும் சலூன்தான். இதன் அர்த்தம் என்ன? கதை கொடுக்க வேண்டுமா, இலக்கியம் பேச வேண்டுமா, எந்தச் சாதிக்காரனாக இருந்தாலும் அம்பட்டன் கடைப் படியேறித்தான் ஆகவேண்டும்! எந்தத் தொழிலைச் சொல்லி ஒதுக்கினார்களோ, அந்தத் தொழில் நடக்கிற இடத்தையே இலக்கியத்தின் வாசலாக மாற்றினார். அச்சான இதழைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து விற்றவரும் அவரே. போர் வந்தது, காகிதத்துக்கே பஞ்சம் வந்தது, யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குப் போக நேர்ந்தது. மல்லிகை 2012 வரை, 400 இதழ்களுக்கு மேல் வந்தது. ஜீவா 2021 ஜனவரியில் காலமானார்.

மல்லிகை தொடங்கி இரண்டு மாதத்தில், 1966 அக்டோபர் 21 அன்று, சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சாதி எதிர்ப்பு ஊர்வலம் கிளம்பியது. போலீஸ் அடித்தது. மறு ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் உருவானது. அதன் முன்னணியில் நின்றவர் கே. டானியல். சலவைத் தொழிலாளர் சமூகத்தில் பிறந்து, பட்டறைத் தொழிலில் பிழைத்தவர். தேநீர்க்கடைப் போராட்டம், 1968இல் மாவிட்டபுரம் ஆலய நுழைவு என்று இயக்கம் போனது. பகலில் பட்டறை, மற்ற நேரமெல்லாம் இயக்கம். எழுத்துக்கு ஏது நேரம்? ஆனால் 1972இல் 'பஞ்சமர்' நாவல் வந்தது. அந்த நாவலின் சரக்கு முழுவதும் போராட்டக் களத்தில் சேர்ந்தது. இயக்கத்துக்குச் செலவழித்த நேரம் எழுத்துக்கு நஷ்டமாகவில்லை, முதலீடாக ஆனது. 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்' எல்லாம் 1980களில் வந்தவை. 1986 மார்ச்சில் டானியல் தஞ்சாவூரில் இறந்தார். அங்கேயே புதைக்கப்பட்டார். நம்ம ஊரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் பயணம். நம்மில் எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்?

இந்த வரலாற்றை அப்படியே கொண்டாடிவிடவும் முடியாது. சலூனும் பட்டறையும் ஆண்களின் இடம். அங்கே நடந்த பேச்சில் பெண்களுக்கு நாற்காலி இல்லை. நம் ஆண்கள் எழுதிய ராத்திரிகளில் அடுப்பங்கரை யார் கையில் இருந்தது? பள்ளி ஆசிரியையான பாமா 1992இல் 'கருக்கு', 1994இல் 'சங்கதி' எழுதிய பிறகுதான் வேலைக்கு நடுவே நம் பெண்கள் பேசுகிற பேச்சு, ஏச்சும் எகத்தாளமுமாக, அதன் சொந்த மொழியில் புத்தகத்துக்குள் வந்தது. நடவு வயலில் பாட்டுக்கட்டியவளின் வாரிசு அந்த மொழி.

'கஷ்டத்திலும் எழுது' என்று உபதேசம் செய்வதற்காக இதையெல்லாம் சொல்லவில்லை. கஷ்டம் எத்தனையோ பேரை எழுதவிடாமலே கொன்றிருக்கிறது. அவர்களுக்கு வரலாறே இல்லை. ஓய்வைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான். அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். 1946இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வேலை நேரத்தை வாரத்துக்கு 48 மணியாகக் குறைத்தது. தொழிலாளிக்குக் கிடைத்த ஒவ்வொரு மணி நேரமும் ஒரு புத்தகம் படிப்பதற்கான நேரம். இன்று ஒப்பந்த வேலையும் இரட்டை ஷிப்டும் அந்த நேரத்தைத் திருடுகின்றன. அதை மீட்பதும் கலைக்கான போராட்டம்தான்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அயோத்திதாசருக்கு வைத்தியமும், ஜீவாவுக்குச் சலூனும், டானியலுக்கு இயக்கமும் எழுத்தின் எதிரியாக இருக்கவில்லை. உங்கள் ஷிப்டும் கடையும் பஸ் பயணமும் அப்படித்தான். காதில் விழுந்த ஒரு வாக்கியத்தை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி வைத்தாலும் போதும். முதல் வேலையாக உங்கள் அம்மாவிடமும் அப்பாயியிடமும் போய், நடவில் என்ன பாடினீங்க என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள். பாடியவர் பெயரை மறக்காமல் மேலே போடுங்கள்.