லினக்ஸ் சேர்வர்களின் இற்றைப்படுத்தலும் பெயர்ச்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனித் துறையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புத்தாக்கங்களின் வரலாற்றையே எழுதியுள்ளனர். எதனை யார் முதலில் ஆக்கினர், எந்த ஆண்டில் ஆக்கினர் என்னும் வினாக்களே அவர்தம் நூல்களில் முதன்மை பெறுகின்றன. ஆக்கப்பட்ட ஒன்று ஆயிரக்கணக்கான பொறிகளில் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கும்போது அதனைப் பழுதின்றி மாற்றுவது எங்ஙனம் என்னும் வினா அத்துணைக் கவனம் பெற்றதில்லை. லினக்ஸ் சேர்வர்களின் வரலாறோ இவ்விரண்டாவது வினாவைச் சுற்றியே வளர்ந்தது எனலாம். நெடுங்காலம் நின்றுபோன ஒரு சேர்வரைப் புதிய தளத்துக்குப் பெயர்ப்பது பெருஞ்சுமையாகத் தோன்றுகின்றது. உரிய காலத்தில் சிறிது சிறிதாகச் சோதித்து ஏற்கப்படாத மாற்றங்கள் யாவும் அங்கு ஒருங்கே திரண்டு நிற்பதே அதற்குக் காரணமாகும். அத்திரட்சியை மீண்டும் சிறு கூறுகளாகப் பிரித்தவர்களே கரைசேர்ந்தனர் என்பதற்கு இவ்வரலாற்றிற் சான்றுகள் உள.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட லினக்ஸ், பணிசெயல் முறைமையின் கருவகம் மாத்திரமே. கோப்புகளைப் படியெடுக்கும் செய்நிரல், கட்டளைகளை வாங்கும் செய்நிரல், அஞ்சலைக் கையாளும் செய்நிரல் எனப் பிறர் ஆக்கிய நூற்றுக்கணக்கானவற்றை அதனோடு சேர்த்தாலன்றி அது பயன்படாது. இவ்வாறு சேர்த்துத் தருவனவே வழங்கல்கள் எனப்பட்டன. 1992இல் தோன்றிய எஸ்.எல்.எஸ். என்னும் வழங்கல் பரவலாகப் பயன்பட்டதாயினும் அதன் பராமரிப்பு செம்மையாக இருக்கவில்லை. அக்குறைபாட்டினால் உந்தப்பட்ட இயன் மேர்டொக் என்னும் பேர்டியூ பல்கலைக்கழக மாணவர் 1993ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள் டெபியன் என்னும் திட்டத்தை அறிவித்தார். செய்நிரல் ஒவ்வொன்றையும், அது வேண்டும் பிறவற்றின் பெயர்களையும், நிறுவும்போதும் நீக்கும்போதும் செய்யவேண்டியவற்றையும் ஒரே கட்டாகக் கட்டித் தருவது பொதி எனப்படும். பொதிக்கொரு பொறுப்பாளர் என்னும் வழக்கமே டெபியனின் அடித்தளமாயிற்று.

சோதித்தது எது, சோதியாதது எது என்பதைப் பயனாளர் அறியும் வகையிற் பிரித்துவைக்காவிடில் நேரும் இடரை டெபியன் தன் தொடக்கக் காலத்திலேயே கண்டுகொண்டது. 1995ஆம் ஆண்டின் இறுதியில், இன்னும் முடிவுறாத வளர்ச்சிநிலைத் தொகுதியொன்றை இறுவட்டு விற்பனையாளர் ஒருவர் தவறுதலாக "டெபியன் 1.0" என்று பொறித்து விற்றுவிட்டார். அது செவ்வனே இயங்கவில்லை. ஆதலின் அவ்வெண்ணைக் கைவிட்டு, 1996ஆம் ஆண்டு யூன் மாதத்தில் 1.1 என்னும் எண்ணுடனேயே முதலாவது வெளியீடு வந்தது. டெபியனுக்கு 1.0 என்றொரு பதிப்பே இல்லாமற் போனமைக்குக் காரணம் இதுவே. வளர்ச்சியிலுள்ள தொகுதிகளுக்கு எண் இடாது பெயரிட்டு வழங்கும் முறையும் இத்தகைய மயக்கத்தைத் தவிர்ப்பதற்கு உதவிற்று. அப்போது திட்டத்துக்குத் தலைமை தாங்கிய புரூஸ் பெரென்ஸ் பிக்சார் நிறுவனத்திற் பணிபுரிந்தவராதலின் டோய் ஸ்ரோரி என்னும் திரைப்படத்தின் பாத்திரங்களே பெயர்களாயின. பொம்மைகளை உடைக்கும் அயல்வீட்டுச் சிறுவனின் பெயரான சிட் என்பது, நிலையற்ற கிளைக்கு இன்றுவரை வழங்குகின்றது.

பெயர்ச்சி என்பதன் கடுமையை டெபியன் முதன்முதலில் உணர்ந்தது 1998ஆம் ஆண்டு யூலையில் வெளிவந்த 2.0 பதிப்பிலாகும். ஏறத்தாழ எல்லாச் செய்நிரல்களும் சார்ந்து நிற்கும் சி நூலகம் அப்போது ஐந்தாம் பதிப்பிலிருந்து ஆறாம் பதிப்புக்கு மாறிற்று. வீட்டின் அத்திவாரத்தை மாற்றும்போது வீட்டிலிருப்போரை வெளியேற்றாதிருத்தல் போன்றதொரு வேலை அது. பழைய நூலகமும் புதியதும் ஒரே பொறியில் அருகருகே இருக்குமாறு பொதிகள் அமைக்கப்பட்டன. ஆயினும் பொதிகளை ஏற்றும் வரிசை பிறழ்ந்தால் கட்டளை வாங்கும் செய்நிரலே இயங்காது நின்றுவிடும். அவ்வாறு நின்றபின் திருத்துவதற்கும் கட்டளையிட வழியிராது. வரிசையைத் தவறாது நடத்தவெனத் தனிச் செய்நிரலொன்று எழுதி வழங்கப்பட்டது. 1999இல் 2.1 பதிப்புடன் வந்த ஆப்ட் என்னும் கருவி இவ்வரிசையைத் தானே கணிக்கும் ஆற்றல் பெற்றிருந்தது. மாற்றத்தைச் செய்யாமலே செய்வதுபோற் செய்துகாட்டும் ஒத்திகை வசதியும் அதற்கு உண்டு. சேர்வரைப் பராமரிப்போர் இன்றும் முதலிற் செய்வது அவ்வொத்திகையே.

அக்காலத்தில் வெளியீட்டுக்கு ஆயத்தம் செய்யும் முறை எளியது. ஆனால் நோவு மிக்கது. ஒரு நாளிற் கதவை அடைத்து, நிலையற்ற கிளையை அப்படியே படியெடுத்து "உறைந்தது" எனப் பெயரிட்டு, அதிலுள்ள பிழைகளை மாதக்கணக்கிற் களைவர். பொதிகளின் தொகை சில நூறாக இருந்தபோது இது இயன்றது. 2000ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த 2.2 பதிப்பில் அத்தொகை 3900ஐக் கடந்தது. ஒரு பொதியின் பிழையைத் திருத்துவதற்குள் மற்றொன்றில் புதுப் பிழை தோன்றிற்று. இந்நிலையிலேதான் அவுஸ்திரேலியரான அந்தனி டவுன்ஸ் வகுத்த சோதனைக் கிளை அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் சிறப்பாக நோக்கத்தக்கன.

பொறுப்பாளர் புதிய பொதியை நிலையற்ற கிளைக்கு மாத்திரமே அனுப்பலாம். சோதனைக் கிளைக்கு எவரும் நேரே அனுப்புதல் வழக்கமன்று. பிரிட்னி என்று பெயரிடப்பட்ட செய்நிரலொன்று நாள்தோறும் பொதிகளை ஆராயும். நிலையற்ற கிளையிற் பொதி வந்துசேர்ந்து குறித்த நாட்கள் கழிந்திருத்தல் வேண்டும். அவசரமற்றதாயின் 10 நாள், இடைத்தரமாயின் 5 நாள், அவசரமாயின் 2 நாள். ஆதரிக்கப்படும் பொறிவகைகள் அனைத்திலும் அது கட்டப்பட்டிருத்தல் வேண்டும். வெளியீட்டைத் தடுக்கத்தக்க பிழைகள் முன்னையதினும் மிகுதல் கூடாது. அது வேண்டும் பிற பொதிகள் சோதனைக் கிளையில் இருத்தல் வேண்டும். அதன் வரவினால் அங்குள்ள வேறெந்தப் பொதியும் நிறுவ முடியாததாகிவிடலாகாது. இவை யாவும் பொருந்தினால் பொதி தானாகவே சோதனைக் கிளைக்குப் பெயரும். இச்செயலை டெபியனார் குறிப்பதும் பெயர்ச்சி என்னும் அதே சொல்லாலேயாகும். பொதியின் பெயர்ச்சிக்கும் சேர்வரின் பெயர்ச்சிக்கும் ஒரே சொல் வழங்குவது தற்செயலாக இருக்கலாம், எனினும் பொருத்தமானது.

இவ்விதிகளிற் புதுமையானது நாட்கணக்கே. பத்து நாட்களில் எவரும் கட்டாயமாகச் சோதிப்பர் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் நிலையற்ற கிளையைத் தம் சொந்தப் பொறிகளில் விரும்பிப் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருந்தனர்; அவர்தம் அன்றாடப் புழக்கமே சோதனையாயிற்று. காலத்தையே ஒரு கருவியாக்கிய இவ்வுத்தி பெருஞ்செலவுச் சோதனைக்கூடங்கள் இல்லாத தொண்டர் அமைப்பொன்றுக்கு மிகவும் ஏற்றது. பின்னர் இயந்திரச் சோதனைகளும் சேர்ந்தன. டோர்வால்ட்ஸின் பல்கலைக்கழகத் தோழரான லார்ஸ் விர்சேனியஸ் எழுதிய பியூபார்ட்ஸ் என்னும் கருவி, பொதியை வெறுமையான சூழலொன்றில் நிறுவி, பழைய பதிப்பிலிருந்து புதியதற்கு உயர்த்தி, பின் நீக்கி, ஏதேனும் எச்சம் கிடக்கின்றதா எனப் பார்க்கும். புதிய பொதியினாற் பிற பொதிகளின் சோதனைகள் தோற்றால் அதன் பெயர்ச்சியைத் தடுக்கும் ஏற்பாடும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது.

எனினும் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. 2002ஆம் ஆண்டு யூலையில் 3.0 வெளிவந்தபின் அடுத்த பதிப்புக்கு 2005ஆம் ஆண்டு யூன் வரை, கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அதற்குள் சந்தைக்கு வந்த புதிய பொறிகளின் உறுப்புகளைப் பழைய கருவகம் அறியாது. சிலர் சோதனைக் கிளையையே சேர்வர்களில் நிறுவினர். சிலர் புதிய செய்நிரல்களைப் பழைய தளத்துக்கு ஏற்பத் தாமே கட்டிக்கொண்டனர். குறித்த கால ஒழுங்கில் வெளிவரும் உபுண்டு 2004ஆம் ஆண்டு ஒக்ரோபரில் தோன்றியமை இச்சூழலிலாகும்.

காத்திருப்பு எல்லாப் பிழைகளையும் காட்டிக்கொடுப்பதுமில்லை. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் மறைகுறி நூலகம் தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிக்கின்றதென வல்கிரின்ட் என்னும் பிழைகாண் கருவி முறையிட்டதனால், 2006ஆம் ஆண்டு டெபியனின் பொதியில் இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றோடு தற்போக்கு எண்களின் ஊற்றும் அடைபட்டது. அதன்பின் ஆக்கப்பட்ட திறவுகோல்கள், ஒரு பொறிவகைக்கும் ஒரு நீளத்துக்கும் 32,768க்கு மேற்படாத எண்ணிக்கைக்குள் அடங்கின. அவற்றை ஒவ்வொன்றாக முயன்றுபார்ப்பது எவர்க்கும் எளிது. அப்பொதி விதிகள் அனைத்தையும் கடந்து 2007இல் நிலையான பதிப்பிலும் இடம்பெற்றது. லூசியானோ பெலோ கண்டறிந்த இப்பிழை 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாளே அறிவிக்கப்பட்டது. டெபியனில் ஆக்கிய திறவுகோலைப் பிற வழங்கல்களின் சேர்வர்களிற் பதித்திருந்தோரும் அவற்றை மாற்றவேண்டியவராயினர்.

பழைய சேர்வர்களின் பெயர்ச்சிக்கு வருவோமாயின், கூகிள் நிறுவனத்தின் அனுபவமே தலைசிறந்த சான்றாகும். 2013ஆம் ஆண்டு நவம்பரில் வாஷிங்டனில் நடைபெற்ற லிசா மாநாட்டில் மார்க் மேர்லின் இதனை விளக்கினார். அந்நிறுவனத்தின் சேர்வர்களில் 2001ஆம் ஆண்டைச் சேர்ந்த ரெட் ஹட் 7.1 என்னும் வழங்கலே அடித்தளமாக இருந்தது. ஆண்டுக்காண்டு அதன்மேல் ஒட்டுகள் பல போடப்பட்டன. மூலப்படிமம் ஒன்றைத் திருத்தி, மாறிய கோப்புகளை மாத்திரம் எல்லாப் பொறிகளுக்கும் ஒத்தியக்குவதே அவர்தம் முறை. அதனால் ஒரு பொறிக்கும் மற்றதற்கும் வேற்றுமை தோன்றவில்லை. ஆனால் அடித்தளம் முழுவதும் பழைமையில் உறைந்தது.

ஒருநாள் குறித்துப் பழையதை அழித்துப் புதியதை நிறுவுதல் இயலாதிருந்தது. பல்லாயிரம் பொறிகளை அவ்வாறு மாற்ற நெடுங்காலம் செல்லும். அக்காலமெல்லாம் பாதிப் பொறிகள் ஒரு வழங்கலிலும் பாதி வேறொன்றிலும் இயங்கும். ஒரு செயலி பிழைபட்டால் குற்றம் யாரதெனத் தேடுவதிலேயே நாள் கழியும். ஆதலின் அவர்கள் டெபியனின் சோதனைக் கிளையை அடியொற்றி, மூலநிரலிலிருந்தே புதிய வழங்கலொன்றைக் கட்டினர். ஆனால் அதனை அப்படியே பொறிகளில் ஏற்றவில்லை. அதன் பொதிகளைப் பழைய வழங்கலின் பொதிவடிவத்துக்கு மாற்றி, ஒவ்வொன்றாகப் பழைய படிமத்துள் நுழைத்தனர். பழையதிலிருந்து வேண்டாதவற்றைக் களைந்தனர். இவ்வாறு பல ஆண்டுகள் இரு படிமங்களும் ஒன்றையொன்று நெருங்கி வந்தன. செயலிகள் அடித்தளத்தினின்றும் வேறான பிரிவகத்தில் இருந்தமை இவ்வேலையை எளிதாக்கிற்று. ரெட் ஹட்டிலிருந்து டெபியனுக்கு, பத்தாண்டு இடைவெளியைத் தாண்டி நடந்த பெயர்ச்சி, அந்தப் பொறிகளைப் பொறுத்தவரை சிறு இற்றைப்படுத்தல்களின் வரிசையாகவே அமைந்தது. எந்த நூலிலும் ஆதரிக்கப்படாத ஒரு மாற்றத்தை இயங்கும் பொறிகளிலேயே செய்து முடித்தமை பாராட்டுக்குரியது.

சிறு நிறுவனங்களுக்கு இத்தகைய ஆள்வசதி இல்லை. அவற்றுட் பல, ரெட் ஹட்டின் வணிக வழங்கலை மூலநிரலிலிருந்து மீளக்கட்டிய சென்ட்ஓஎஸ்ஸை 2004 முதல் நம்பியிருந்தன. பத்தாண்டு ஆதரவே அதன் கவர்ச்சி. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் வந்த அறிவிப்பு அந்நம்பிக்கையைக் குலைத்தது. 2029 வரை வாழும் எனக் கருதப்பட்ட எட்டாம் பதிப்பு 2021 டிசம்பர் 31இலேயே முடியும் என்றது அது. ஏழாம் பதிப்போ 2024 யூன் 30 வரை தொடர்ந்தது. முந்திப் பெயர்ந்தவர் முந்தித் தெருவில் நின்றனர். சோம்பியிருந்தோர்க்கு இரண்டரை ஆண்டு மிகுதியாகக் கிடைத்தது. வரலாற்றில் இத்தகைய முரண் அரிது. எட்டாம் பதிப்பினர் 2021இல் தோன்றிய அல்மா லினக்ஸ், ரொக்கி லினக்ஸ் என்பவற்றுக்குப் பொதிகளின் ஊற்றை மாற்றியே சென்றனர். அது சிறு அடியே. ஏழிலிருந்து எட்டுக்குச் செல்வோர்க்கு நூலகங்கள், கருவகம் யாவும் ஒருங்கே மாறுவதால், புதிய பொறியை அருகில் நிறுத்தித் தரவுகளை மாத்திரம் கொண்டுசெல்வதே பெரும்பாலும் பாதுகாப்பான வழியாயிற்று. டெபியனில் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்கு இருந்தவிடத்திலேயே உயரலாம்; இடையிலுள்ள பதிப்பைத் தாண்டிச் செல்வதற்கு ஆதரவில்லை. நான்கு பதிப்புப் பின்தங்கிய சேர்வர் நான்கு படிகளையும் ஏறியே ஆகவேண்டும்.

காத்திருப்பின் பயன் 2024ஆம் ஆண்டு மார்ச்சில் மறுபடியும் வெளிப்பட்டது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியின் பராமரிப்பில் ஆண்டுக்கணக்காக நம்பிக்கை தேடிப் புகுந்த ஒருவர், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் சேர்வருக்குள் நுழையும் கள்ளவழியொன்றை ஒளித்துவைத்தார். அப்பொதி டெபியனின் விதிகளைக் கடந்து சோதனைக் கிளையையும் அடைந்துவிட்டது. இயந்திரம் எதனையும் ஐயுறவில்லை. நிலையற்ற கிளையைப் பயன்படுத்திய அன்ட்ரெஸ் ஃபுரொய்ன்ட் என்னும் பொறியியலாளர், சேர்வருள் நுழைய ஏறக்குறைய அரை விநாடி மிகுதியாகச் செல்வதையும், வல்கிரின்ட் பிழை காட்டியதையும் கவனித்துத் துருவினார். மார்ச் 29ஆம் நாள் உலகுக்கு அறிவித்தார். 2006இல் தவறான திருத்தத்துக்கு ஏதுவான அதே கருவியின் முறைப்பாடு, இம்முறை உண்மையைக் காட்டிற்று. நிலையான பதிப்பில் அப்போது இருந்தது 5.4.1 ஆதலின் அதனை நம்பிய சேர்வர்கள் தப்பின.

அவ்வேளையில் டெபியனில் மற்றொரு பெரும் பெயர்ச்சியும் நடந்துகொண்டிருந்தது. 32 இரும எண்களில் விநாடிகளை எண்ணும் பொறிகளின் காலக்கணக்கு 2038ஆம் ஆண்டு சனவரி 19ஆம் நாள் நிரம்பி வழியும். அதனைத் தடுக்க, சிறு பொறிவகைகளின் பொதிகள் 64 இரும எண்களுக்கு மாற்றி மீளக்கட்டப்பட்டன. பழைய இன்டெல் 32 இருமப் பொறிவகை மாத்திரம் இதிலிருந்து விலக்கப்பட்டது. அதன் பழைய செய்நிரல்கள் மாறாது இயங்கவேண்டும் என்பதே காரணம். 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் நாள் வெளிவந்த 13ஆம் பதிப்பில் அப்பொறிகளுக்குக் கருவகமும் இல்லை, நிறுவியும் இல்லை. அவற்றில் இயங்கும் சேர்வர்கள் 12ஆம் பதிப்பிலேயே நிற்கவேண்டும். அதன் நீண்டகால ஆதரவு 2028ஆம் ஆண்டு யூன் மாதத்துடன் முடிவடைகின்றது.