பிறவி மடல் எம்பைசீமா

பிறந்த குழந்தையின் நுரையீரலில் ஒரு மடல் மட்டும் அளவுக்கு மீறிக் காற்றால் உப்பி, பக்கத்து மடல்களையும் இதயத்தையும் நெருக்கும் அரிய பிறவிக் குறைபாடு. 20,000 முதல் 30,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் அதிகம். இடது மேல்மடலே பெரும்பாலும் பாதிக்கப்படும். அடுத்தது வலது நடுமடல்.

மடலுக்குச் செல்லும் மூச்சுக்கிளையின் குருத்தெலும்பு வலுவற்றிருந்தால், மூச்சை இழுக்கையில் விரிந்து காற்றை உள்ளே விடும் குழாய், மூச்சை விடுகையில் மூடிக்கொள்ளும். சைக்கிள் டியூபின் வால்வைப் போலக் காற்று ஒருவழியாகவே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கும். இடம் மாறிய இரத்தக்குழாய் வெளியிலிருந்து அழுத்துவதாலும் இது வரலாம். ஏறக்குறைய பாதிக் குழந்தைகளிடம் காரணமே தெரிவதில்லை. புகைபிடிப்பவர்களின் எம்பைசீமாவில் காற்றறைச் சுவர்கள் அழிகின்றன. இதில் பொதுவாக அழிவதில்லை.

மூச்சிரைப்பு, பால் குடிக்கத் திணறல், உடல் நீலம் பாரித்தல் ஆகியவை பலருக்கு முதல் மாதத்திலும், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதத்துக்குள்ளும் தலைகாட்டும்.

மார்பு எக்ஸ்-ரேயைப் படிப்பதில்தான் உயிருக்கு ஆபத்தான தவறு நேர்கிறது. உப்பிய மடல் படத்தில் கருப்பாகத் தெரியும். அதை நியூமோதோராக்ஸ், அதாவது நுரையீரலுக்கு வெளியே கசிந்த காற்று, என்று எண்ணி மார்பில் குழாய் செருகினால் மடலே கிழிந்துவிடும். கருமைக்குள் மெல்லிய இரத்தக்குழாய்க் கோடுகள் ஓரம்வரை ஓடுகின்றனவா என்று உற்றுப் பார்க்க வேண்டும். நியூமோதோராக்ஸில் அவை இரா. இன்னொரு சிக்கலும் உண்டு: பிறந்த முதல் சில நாட்களில் மடலுக்குள் நீர் வடியாமல் தேங்கினால் அது வெண்மையாகவே தெரியும், நீர் வடிந்தபின் எடுக்கும் படத்தில்தான் உண்மை விளங்கும். குழந்தையின் நிலை இடம்கொடுத்தால் சிடி ஸ்கேன் ஐயத்தைத் தீர்க்கும். சிலருக்குப் பிறவி இதயக் குறையும் சேர்ந்திருப்பதால் எக்கோ எனும் இதய ஸ்கேனும் தேவை.

மூச்சு சீராக உள்ள குழந்தையை அவசரப்பட்டு அறுவைக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. சிலருக்கு வீக்கம் தானாகவே குறையும். திணறும் குழந்தைக்கு அந்த மடலை அகற்றுவதே வழி. 1945-இல் மருத்துவர்கள் ராபர்ட் கிராஸும் லூயிசும் இத்தகைய அறுவை வெற்றி பெற்றதைப் பதிவுசெய்தனர். மயக்க மருத்துவருக்கு இது கடினமான வேலை. வென்டிலேட்டர் அழுத்தித் தரும் காற்று மடலை மேலும் உப்பச்செய்யும் என்பதால், மார்பு திறக்கப்படும்வரை குழந்தையைத் தானாக மூச்சுவிட வைக்கவே முயல்வர். மடலை உப்பச்செய்யும் என்பதால் நைட்ரஸ் ஆக்சைடு எனும் மயக்க வாயுவையும் தவிர்ப்பர். மடல் அகன்றபின் எஞ்சிய நுரையீரல் விரிந்து வளர்கிறது. பெரும்பாலான குழந்தைகள் மற்றப் பிள்ளைகளைப் போலவே ஓடி விளையாடுகின்றனர்.