வரிக்கோடும் ஊற்றுநீரும்: புதுச்சேரித் தொழில்களின் மூலதனம் குறித்து

1815 மார்ச்சில் பிரெஞ்சு, ஆங்கிலேய அரசுகள் லண்டனில் செய்துகொண்ட உடன்படிக்கை, புதுச்சேரியின் பொருளாதார வரலாற்றில் உரிய கவனம் பெறாத ஓர் ஆவணம். பிரெஞ்சுப் பகுதிகளில் விளையும் உப்பில் உள்ளூர்த் தேவை போக மிஞ்சுவதை வாங்கும் தனியுரிமை ஆங்கிலேயருக்குப் போனது. இதை உள்ளிட்ட ஏற்பாடுகளுக்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு லட்சம் சிக்கா ரூபாய் பிரெஞ்சு அரசுக்குக் கிடைத்தது. 1818இல் உப்புக் காய்ச்சுவதே நிறுத்தப்பட்டது. உப்பள உரிமையாளர்களின் இழப்பீட்டுக்கென ஆண்டுக்கு 4,000 வராகன் ஒதுக்கப்பட்டது. கடற்கரை தந்த இயற்கை வளம் உற்பத்தியிலிருந்து கழன்று, எல்லைக்குக் கிடைக்கும் வாடகையாக மாறிப்போனது. இந்த மாற்றம் விதிவிலக்கல்ல. பிற்காலப் புதுச்சேரித் தொழில்கள் பலவற்றிலும் இதே போக்கைக் காண்கிறோம்.

புதுச்சேரித் தொழில்கள் இரண்டின்மேல் நின்றன: ஒன்று, நாட்டையும் வரியையும் பிரித்த எல்லைக்கோடு, மற்றது, நிலத்தடி நீர். அரசுகள் முதலாவதைச் செல்வமாகக் கணக்கில் வைத்தன. இரண்டாவதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பின்னாளைய நலிவுகளின் வேர் இந்தப் பிழையில் இருக்கிறது என்பதே என் வாதம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரிக்குப் பெயர் வாங்கித் தந்தது 'கினே' எனப்பட்ட நீலத்துணி. செனகல் ஆற்றங்கரையில் அது பணத்தைப் போலவே புழங்கியது. அதைக் கொடுத்துப் பிரெஞ்சு வணிகர்கள் கருவேலப் பிசின் வாங்கினார்கள். அந்தப் பிசின் ஐரோப்பியத் துணி ஆலைகளுக்குப் போனது. சாயம் தோய்க்கும் வேலையைச் சற்று அருகிருந்து பார்க்க வேண்டும். அவுரியிலிருந்து எடுத்த நீலத்தைச் சுண்ணாம்போடும் வேகவைத்த தகரை விதையோடும் தாழியில் சேர்த்துப் புளிக்க வைப்பார்கள். நீலம் வெறும் நீரில் கரையாது. புளித்து நிறமிழந்த பிறகுதான் இழைக்குள் இறங்கும். தாழியிலிருந்து தூக்கிய துணி மஞ்சள் கலந்த பச்சையாகத் தெரியும், காற்றுப் படப்பட நீலமேறும். கருநீலம் வேண்டுமென்றால் திரும்பத் திரும்பத் தோய்த்து, அலசி, உலர்த்த வேண்டும். இத்தனைக்கும் நல்ல நீர் ஏராளமாக வேண்டும். புதுச்சேரிச் சாயத்தின் சிறப்புக்கு அவ்வூர்த் தண்ணீரே காரணம் என்று அக்காலத்தவர் சொன்னதில் வியப்பில்லை.

1820களின் இறுதியில் தொடங்கிய சவானா துணி ஆலை இந்த வாணிபத்துக்காகவே எழுந்தது. அதன் வளாகத்தில் 1870களின் பிற்பகுதியில் ஆழத் துளையிட்டபோது நீர் தானாகவே மேலெழும்பி வந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆவணங்களிலும் புதுச்சேரியின் பொங்கூற்றுகள் இடம்பெற்றன. நகரத்தின் குடிநீருக்கு முத்திரப்பாளையத்து ஊற்றை மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கொண்டுவந்தார்கள். பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதன் நினைவுச் சின்னம். குடிநீருக்கு மண்டபம் எழுப்பிய ஆட்சி, ஆலை உறிஞ்சிய நீருக்கு விலை வைக்க எண்ணவில்லை.

சவானாவில் ஊற்றுப் பொங்கிய காலத்தையொட்டிப் பாகூர்ப் பக்கம் நீருக்காகத் துளையிட்டவர்கள் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். அது வெட்டி எடுக்கப்படவில்லை. தெற்கே நெய்வேலியில் பின்னாளில் சுரங்கம் அமைந்தபோது, நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் வேலை நடக்கும் என்று ஆயிற்று. இந்தப் பகுதியில் எந்த வளத்தைத் தொட்டாலும் முதலில் தட்டுப்படுவது நீர்தான்.

மார்சேய் எண்ணெய் ஆலைகளுக்குப் புதுச்சேரி வழியே கப்பலேறிய மணிலாக்கொட்டை பெரும்பாலும் ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டில் விளைந்தது. 1879இல் விழுப்புரத்திலிருந்து ரயில் வந்தது அந்த ஏற்றுமதிக்கு உதவியது. இங்கே ஊரின் பங்கு துறைமுகமும் கொடியும் மட்டுமே. எனவே இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

உழைப்பே உண்மையான வளம் என்று ஒருவர் மறுக்கலாம். அந்த மறுப்பை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. 1936 ஜூலை 30 அன்று வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாக மறு ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. உழைப்பு தன் விலையைப் போராடி வாங்கிக்கொண்டது. நீருக்காகப் பேச அப்படி ஒரு சங்கம் இல்லை.

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் எல்லைக்கோடு மறையவில்லை. மாநில வரிக்கோடாக உருமாறி நின்றது. குறைந்த விற்பனை வரியை நம்பித் தொழிற்பேட்டைகளுக்கு முதலீடு வந்தது. 2017 ஜூலை 1 முதல் சரக்கு சேவை வரி அந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டது. குடிக்கும் மதுவும் பெட்ரோல், டீசலும் அதற்கு வெளியே இருப்பதால் அவற்றில் மட்டும் கோடு இன்னும் பணம் காய்க்கிறது. இதற்கிடையே, 1898இல் தொடங்கி 1980களில் அரசுடைமையான ஆங்கிலோ பிரெஞ்சு துணி ஆலை 2011 டிசம்பர் தானே புயலில் பலத்த சேதமடைந்து, 2020இல் நிரந்தரமாக மூடப்பட்டது. நஷ்டம், பழைய இயந்திரம், நிர்வாகம் என்று காரணங்கள் பல. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் சலுகையைத் தொழில்கொள்கையாகவே நம்பிய ஓர் அரசிடம், சலுகை போன நாளுக்கான மாற்று எதுவும் இல்லாமற்போனது.

மாற்றாக இருந்திருக்க வேண்டிய நீரின் நிலை என்ன? கடற்கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறுகிறது. 2002ஆம் ஆண்டின் நிலத்தடி நீர்ச் சட்டம் ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி முறையைக் கொண்டுவந்தது. ஆனால் அதன் கை வரிக்கோட்டோடு நின்றுவிடுகிறது. புதுச்சேரி உறிஞ்சும் நீரடுக்குகள் சில, தமிழ்நாட்டின் வானூர்ப் பக்கத்து மணற்பாறைகளில் பெய்யும் மழையால் நிரம்புகின்றன. கோட்டின் இரு பக்கமும் விரிந்திருக்கும் ஊசுட்டேரி ஒரே ஏரி. அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கக்கூடப் புதுச்சேரி 2008இலும் தமிழ்நாடு அதன் பிறகும் எனத் தனித்தனி ஆணைகள் தேவைப்பட்டன.

ஆகவே இரு அரசுகளுக்கும் பொதுவான நீரடுக்கு வாரியம் ஒன்று வேண்டும். கோட்டின் இரு பக்கமும் உள்ள தொழிற்சாலைகளின் ஆழ்துளைக் கிணறுகளில் அளவி பொருத்துவதும், எடுக்கும் நீருக்குக் கன மீட்டர் கணக்கில் கட்டணம் வாங்குவதும் அதன் முதல் வேலையாக இருக்க வேண்டும். அந்தத் தொகை வானூர், வில்லியனூர், பாகூர் ஏரிகளின் வரத்து வாய்க்கால்களைத் தூர்வாரப் போக வேண்டும். பொது வருவாயில் கரைந்துவிடக் கூடாது.